நாவல் எழுதப்போகிறேன் என்கிற மகளின் தந்தைக்கு

அன்புள்ள ஐயா,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், பி.காம். விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு பி.ஏ. வரலாறு படிக்கப்போகிறேன் என்கிறாள். ஏன் என்று கேட்டால், முதல் நூற்றாண்டுக் கிறிஸ்தவர்களைப் பற்றி நாவல் எழுத வேண்டும் என்கிறாள். உங்களுக்கும் அம்மாவுக்கும் சோறு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எழுதிப் பிழைக்க முடியுமா என்பது ஒன்று. வேதாகமத்தில் கற்பனையைக் கலக்கலாமா என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்வி உங்கள் சபைப் போதகருடையது என்று ஊகிக்கிறேன். இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

எல்லாம் 'பென்-ஹர்' படம் பார்த்ததால் வந்த வினை என்று அலுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1959-இல் வந்து பதினோரு ஆஸ்கர் விருதுகளை அள்ளிய அந்தப் படத்துக்கு மூலம் ஒரு நாவல். அதை எழுதியவர் லூ வாலஸ் என்ற அமெரிக்கர். அவர் எப்படிச் சம்பாதித்தார், எப்போது எழுதினார் என்று பார்த்தால் உங்கள் பயம் பாதி குறையும். உங்கள் மகளின் கனவிலும் கொஞ்சம் குறையும், அதுவும் நல்லதுதான்.

வாலஸ் 1827-இல் இண்டியானா மாநிலத்தில் பிறந்தார். அப்பா வழக்கறிஞர், பிறகு அந்த மாநிலத்தின் ஆளுநர். பையனோ பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு ஆற்றங்கரையில் திரிந்தவன். பதினாறு வயதில், இனி உன் செலவை நீயே பார்த்துக்கொள் என்று அப்பா சொல்லிவிட்டார். பையன் மாவட்ட அலுவலகத்தில் பத்திரங்களை நகலெடுக்கும் வேலைக்குப் போனான். இரவில் புத்தகம், அதோடு ஒரு நாவலும். மெக்சிகோவை ஸ்பானியர்கள் வென்ற கதை அது. அந்த நாவல் அச்சேறியது 1873-இல், அவருக்கு 46 வயதானபோது. நடுவே கழிந்தவை கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள்.

அந்த முப்பது ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. மெக்சிகோ போருக்குப் போனார். 1849-இல் வழக்கறிஞரானார். மாநில மேலவையில் உறுப்பினராக இருந்தார். உள்நாட்டுப் போரில் 34 வயதில் மேஜர் ஜெனரல் ஆனார். அடுத்த மாதமே, 1862 ஏப்ரலில் ஷைலோ போர்க்களத்துக்குத் தன் படையை வேறு சாலையில் நடத்திப்போய்த் தாமதமாக வந்து சேர்ந்தார் என்ற பழி விழுந்தது. அந்தப் பழியைத் துடைக்க வாழ்நாள் முழுவதும் மனு எழுதிக்கொண்டே இருந்தார். 'பென்-ஹர்' நாவலில், செய்யாத குற்றத்துக்காகத் துடுப்பு வலிக்க அனுப்பப்படும் யூத இளைஞனை அவர் கதாநாயகன் ஆக்கியதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம். வரலாற்றுப் புனைகதை எழுதுகிறவர்கள் பழைய காலத்துக்குள் ஓடி ஒளிந்துகொள்வதில்லை. சொந்தக் காயத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

இனி போதகரின் கேள்விக்கு வருகிறேன். 1876-இல் வாலஸ் பழைய போர்வீரர்களின் கூட்டத்துக்காக இண்டியானாபொலிஸ் நகருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தார். அதே ரயிலில் ராபர்ட் இங்கர்சால் இருந்தார். கடவுள், பரலோகம், கிறிஸ்து எதையும் ஏற்காத அந்தக் காலத்துப் புகழ்பெற்ற பேச்சாளர் அவர். அவரும் ஷைலோவில் போரிட்டவர்தான். ஊர் வரும்வரை இங்கர்சால் வாதங்களை அடுக்கினார், வாலஸ் கேட்டுக்கொண்டிருந்தார். இறங்கியபோது அவரை உறுத்தியது இங்கர்சாலின் நாத்திகம் அல்ல. தனக்குத் தன் மதத்தைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஓர் ஆதாரம்கூடக் கையில் இல்லையே என்ற வெட்கம்தான். வண்டி ஏறாமல் இருட்டில் நடந்தே போனதாகப் பிற்பாடு எழுதியிருக்கிறார். ஞானிகள் நட்சத்திரத்தைத் தேடி வந்த கதையை முன்பே சிறிது எழுதி வைத்திருந்தார். அதை நீட்டி, சிலுவைவரை கொண்டுபோய் எழுதினால் தானே படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று முடிவு செய்தார். அதுதான் 'பென்-ஹர்'. எழுதி முடித்தபோது விசுவாசியாகியிருந்தார். ஆனால் எந்தச் சபையிலும் கடைசிவரை உறுப்பினராகவில்லை.

நாவலில் இயேசு வரும் இடங்கள் மிகக் குறைவு. அவர் வாயில் வைக்கும் சொற்கள் சுவிசேஷங்களில் உள்ளவையாகவே இருக்க வேண்டும் என்று வாலஸ் தனக்கே விதி போட்டுக்கொண்டார். கற்பனை முழுவதையும் யூதா பென்-ஹர் என்ற, வேதாகமத்தில் இல்லாத மனிதன் மீது ஏற்றிவிட்டார். நாவல் படிப்பதையே பாவமாக எண்ணிய பல குடும்பங்கள் அந்தப் புத்தகத்தை வீட்டுக்குள் விட்டன. உங்கள் போதகரிடம் இதைச் சொல்லுங்கள். மகளிடமும் சொல்லுங்கள், அவளுக்கும் இப்படி ஒரு விதி தேவைப்படும்.

அடுத்தது வேலைமுறை. உங்கள் மகளை எடைபோட இதைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. 'பென்-ஹர்' எழுதும்வரை வாலஸ் எருசலேமைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு ஜெர்மன் வரைபடத்தை எப்போதும் முன்னால் விரித்து வைத்துக்கொண்டு எழுதினார். ஊர், மலை, ஓடை எல்லாவற்றையும் அதில் சரிபார்த்தார். பண்டைய போர்க்கப்பலுக்குள் துடுப்புகள் எந்த வரிசையில் அமைந்திருந்தன என்ற ஒரே விஷயத்துக்காக வாஷிங்டன் நூலகத்துக்கும் அங்கிருந்து பாஸ்டன் நூலகத்துக்கும் போனார். படிக்கிறவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்? பிற்பாடு தூதராகப் போய் அந்தப் பாதைகளில் நேரில் நடந்து பார்த்தபோது, எழுதியதில் ஒன்றையும் மாற்றத் தேவையில்லை என்று மகிழ்ந்தார்.

எழுதிய நேரம்? பகல் முழுவதும் வழக்கோடு வந்த கட்சிக்காரர்களுடையது. கிராஃபோர்ட்ஸ்வில் என்ற சிற்றூரில் வழக்குகளை முடித்துவிட்டு இரவில் எழுதினார்; கோடையில் வீட்டருகே இருந்த பீச் மரத்தடியில் எழுதினார். 1878-இல் நியூ மெக்சிகோ பிரதேசத்தின் ஆளுநராக அனுப்பப்பட்டார். அங்கே கால்நடைக்காரர்களும் வியாபாரிகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பில்லி த கிட் என்ற துப்பாக்கிக்கார இளைஞனோடு ஆளுநரே ரகசியமாகச் சந்தித்துப் பேச வேண்டிய நிலை. சாண்டா ஃபே நகரில் மண்சுவர் அரண்மனை ஒன்றில், வெளியிலிருந்து யாராவது சுட்டுவிடக்கூடும் என்று ஜன்னலை மூடிவைத்துவிட்டு, இரவில் விளக்கு வெளிச்சத்தில் சிலுவைக் காட்சியை எழுதி முடித்தார். 1880 நவம்பரில் ஹார்ப்பர் நிறுவனம் நாவலை வெளியிட்டது. அப்போது அவருக்கு 53 வயது.

முதல் ஏழு மாதங்களில் விற்றவை சுமார் 2,800 பிரதிகள். விமர்சனங்களும் பெரிதாகக் கொண்டாடவில்லை. ஆனால் அதைப் படித்த அதிபர் கார்ஃபீல்டு, வாலஸை 1881-இல் உதுமானியப் பேரரசுக்குத் தூதராக அனுப்பினார். விற்பனை மெல்ல ஏறி, பத்தாண்டுக்குள் லட்சக்கணக்கில் போனது. பிறகு நாடகம், அதன் பிறகு திரைப்படங்கள். சட்டத் தொழிலை வாலஸ் ஒருநாளும் விரும்பியதில்லை. நாவல் வருமானம்தான் அவரை அதிலிருந்து விடுவித்தது. ஊரில் தனக்கென்று ஒரு படிப்பறைக் கட்டடமே கட்டிக்கொண்டார். இன்று அது அருங்காட்சியகம்.

இதைக் கேட்டதும், 'முதலில் வேலை, பிறகு நாவல், பி.காம். சேர்த்துவிடுகிறேன்' என்று சொல்ல உங்களுக்கு ஆசை வரும். பொறுங்கள். பிடிக்காத தொழிலில் முப்பது ஆண்டுகள் கிடப்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதோடு, வாலஸ் இரவில் எழுதும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவி சூசன் இருந்தார். சூசனும் எழுத்தாளர்தான், அவருடைய இரவுகளை யார் காவல் காத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. உங்கள் மகளுக்கு நாளை கல்யாணம், குழந்தை, மாமியார் வீடு எல்லாம் வரும். அப்போது அவளுக்கு மாலை நேரம் மிஞ்சுகிற வேலையும், அந்த நேரத்தை விட்டுக்கொடுக்காத மன உறுதியும் வேண்டும். மாப்பிள்ளை பார்க்கும்போது சம்பளத்தோடு இதையும் விசாரியுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பணக் கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். தமிழில் ஒரு நாவல் 300 ரூபாய், முதல் பதிப்பு 500 பிரதி, ராயல்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுவதும் விற்றுத் தீர்ந்தால் 15,000 ரூபாய். அதுவும் ஒரே நாளில் வராது. நாவலுக்கு இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு. ஆக, எழுத்தை வருமானமாகக் கணக்கில் எழுதாதீர்கள். எழுத்துக்குத் தீனி போடுகிற வருமானம் எது என்று தேடுங்கள்.

அங்கேதான் பி.ஏ. வரலாறு வருகிறது. அது வெறுங்கை படிப்பு இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 2, குரூப் 4 தேர்வுகளுக்கு வரலாற்றுப் பாடம் நேரடியாகவே உதவும். எம்.ஏ., பி.எட். முடித்தால் டிஆர்பி என்ற ஆசிரியர் தேர்வு வாரியம் வழியாக மேல்நிலைப் பள்ளியில் முதுநிலை ஆசிரியர் ஆகலாம். எம்.ஏ.வில் 55 சதவீதம் எடுத்து நெட் அல்லது செட் என்ற விரிவுரையாளர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றால் கல்லூரிப் பக்கம் போகலாம். ஜேஆர்எஃப் கிடைத்தால் ஆராய்ச்சிக்கு உதவித்தொகை. தொல்லியல், கல்வெட்டியல், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். ஆனால் நாவலாசிரியருக்கு அவற்றைவிட நல்ல பக்கத்து அறை கிடையாது. என்னைக் கேட்டால், உங்கள் மகளுக்கு ஆசிரியர் பணியே முதல் தேர்வு. மாலையும் மே மாதமும் ஓரளவு கையில் இருக்கும்.

ஆங்கிலத்தை மட்டும் தளர விடாதீர்கள். முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தைப் பற்றிய நல்ல ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும்தான் இருக்கின்றன.

இன்னொரு விஷயம். அவள் ரோமாபுரிக்குப் போய்த்தான் கதை தேட வேண்டும் என்பதில்லை. நீங்கள் இருப்பது பாளையங்கோட்டை. கிளாரிந்தா கோயிலைக் கடந்துதானே கடைவீதிக்குப் போகிறீர்கள்? தஞ்சையைச் சேர்ந்த மராட்டியப் பிராமணக் குடும்பத்து விதவை ஒருவர், ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆகி, 1780-களில் அந்தக் கோயில் எழக் காரணமாக இருந்தார். அவரைப் பற்றி ஆங்கிலத்தில் 1915-இல் வரலாற்று நாவல் எழுதியவர் அ. மாதவையா. அவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்தான், பெருங்குளம். கிறிஸ்தவர் அல்ல. பகலில் உப்பு, ஆயத்தீர்வைத் துறையில் அரசு உத்தியோகம் பார்த்தவர். வாலஸின் வாழ்க்கை உங்களுக்குத் தூரமாகத் தோன்றினால் மாதவையாவின் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். தரங்கம்பாடிக்கு 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்து இறங்கியதிலிருந்து மிஷனரிகள் எழுதிய கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஜெர்மனியின் ஹாலே நகரில் குவிந்து கிடக்கின்றன. ஜெர்மன் படித்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு அங்கே எத்தனை நாவல்கள் காத்திருக்கின்றன என்று நினைத்தால் எனக்கே பொறாமையாக இருக்கிறது.

இப்போது ஒரு சோதனை. கல்லூரி விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. மகளை உட்காரவைத்து, கிளாரிந்தா காலத்துப் பாளையங்கோட்டையில் ஒரு காலை நேரத்தை நான்கு பக்கம் எழுதச் சொல்லுங்கள். விளக்கு எந்த எண்ணெயில் எரிந்தது, கோட்டைக்குள் யார் குடியிருந்தார்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது, சிப்பாய்க்கு என்ன சம்பளம் என்று ஒவ்வொன்றுக்கும் எங்கே படித்தாள் என்பதை ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள். நூலகத்துக்கு அவளே போகட்டும். செல்பேசியில் தேடி முடித்துவிட்டால் கணக்கில் சேராது. நான்கு பக்கம் அழகாக இருந்து ஓரம் காலியாக இருந்தால், அவளுக்குப் பிடித்திருப்பது கதை, பி.காம். படித்துக்கொண்டே கதை எழுதலாம், ஒன்றும் கெட்டுவிடாது. நடை சுமாராக இருந்து ஓரம் நிரம்பி வழிந்தால், இரண்டாம் யோசனை வேண்டாம், வரலாற்றில் சேர்த்துவிடுங்கள். நடையைப் பழகிக்கொள்ளலாம். துடுப்பு வரிசைக்காக பாஸ்டன்வரை போகிற பிடிவாதத்தை எந்தக் கல்லூரியும் கற்றுத்தராது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்துக்கு முன் நூலகத்தைப் பாருங்கள். வரலாற்றுத் துறை அலமாரியில் கடைசி பத்தாண்டுகளில் வாங்கிய புத்தகங்கள் இருக்கின்றனவா, மாணவர்கள் உள்ளே போய் எடுக்க விடுகிறார்களா, மாலை எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று நூலகரிடமே கேளுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவள் எழுதும் நான்கு பக்கத்தை, ஓரக் குறிப்புகளோடு, எனக்கு அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு அவளுக்கே நேராகப் பதில் எழுதுகிறேன்.