ரேடியோவில் நாளைய செய்தி: சயின்ஸ் ஃபிக்ஷனா, ஃபேண்டஸியா?

கேள்வி: நாற்பது நிமிடப் படத்துக்கு ஒரு கதை வைத்திருக்கிறேன். தாத்தா விட்டுப்போன பழைய வால்வு ரேடியோவில் தினமும் ராத்திரி மறுநாள் செய்தி வாசிக்கப்படுகிறது. பேரன் அதை வைத்து என்ன செய்கிறான் என்பதுதான் கதை. "ஒரு சயின்டிஸ்டைக் கொண்டுவந்து விளக்கம் கொடுங்க, இல்லேன்னா விட்டலாச்சார்யா மாயாஜாலப் படம்னு சிரிச்சிடுவாங்க" என்கிறார் கதை கேட்ட தயாரிப்பாளர். திரைக்கதைப் போட்டி விண்ணப்பத்திலும் 'வகை' என்று ஒரு கட்டம் இருக்கிறது. எதை எழுதுவது? விளக்கக் காட்சி கட்டாயமா?

பதில்: விளக்கக் காட்சியை இப்போதைக்கு எழுதாதீர்கள். தயாரிப்பாளரின் பயம் நியாயமானதுதான், அவர் சொல்லும் மருந்துதான் சரியில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வந்து 'குவாண்டம்' என்று சொல்லிவிட்டால் படம் சயின்ஸ் ஃபிக்ஷன் ஆகிவிடாது. கதையில் ஒரு மின்சாதனம் இருப்பதாலும் ஆகாது.

இந்த மாதிரித் திரைக்கதை கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: அந்த அதிசயம் யார் கைக்குப் போனாலும் வேலை செய்யுமா, இந்த ஒரு ஆளுக்கு மட்டும்தானா? யாருக்கும் வேலை செய்யும், கெட்டுப்போகும், பழுது பார்க்கலாம் என்றால் அது சயின்ஸ் ஃபிக்ஷன் பக்கம். ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது, நல்லவனா கெட்டவனா என்று எடை போடுகிறது என்றால் ஃபேண்டஸி பக்கம்.

'இன்று நேற்று நாளை' (2015) படத்தில் 2065-ல் செய்த டைம் மிஷின் இரண்டு நண்பர்களிடம் வந்து மாட்டுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று அவர்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஆனால் யார் இயக்கினாலும் ஓடுகிறது. நடுவில் பழுதாகி, சரிசெய்ய ஆள் வேண்டியிருக்கிறது. நாம் நம்புவதற்கு அவ்வளவே போதுமாக இருந்தது. தொலைந்துபோன பொருள் எங்கே என்று மிஷினில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வெளியே ஜோசியம் என்று சொல்லிக் காசு பார்ப்பார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உள்ளே நடப்பது ஒரு வகை, வாசலில் தொங்கும் போர்டு இன்னொரு வகை!

ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் கதைகளில் இந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். 'எட்ஜ் ஆஃப் டுமாரோ' (2014) நாயகனுக்கு அந்தச் சக்தி வேற்றுக்கிரக ஜந்துவின் ரத்தம் மேலே பட்டதால் வருகிறது. அவனுக்கு வேறு ரத்தம் ஏற்றியதும் போய்விடுகிறது. அவனுக்கு முன்னால் நாயகிக்கும் அது வந்து, இதே போலத்தான் போயிருக்கிறது. அவன் யோக்கியனா என்பதைப் பற்றி அந்த ரத்தத்துக்குக் கவலையே இல்லை. 'கிரவுண்ட்ஹாக் டே' (1993) நேர் எதிர். அந்த நாள் அந்த ஒரு மனிதனைத்தான் பிடித்துவைக்கிறது, அவன் மனுஷனாக மாறிய பிறகுதான் விடுகிறது. அங்கேயும் ஸ்டூடியோ காரணம் கேட்டது. பழைய காதலி வைத்த சாபம் என்று ஒரு வரைவில் எழுதியும் பார்த்தார்கள். படத்தில் அது இல்லை. இல்லையே என்று யாரும் தேடவும் இல்லை.

நம்ம 'மாநாடு' (2021) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. காரணம் நாயகனின் பிறப்போடும் உஜ்ஜயினி காலபைரவர் கோயிலோடும் முடிச்சுப் போடப்படுகிறது. அது சுத்தமான ஃபேண்டஸி. ஆனால் செத்தால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கும் என்ற விதி வீடியோ கேம் போலக் கறாரானது. விதி கறாராக இருந்தால் காரணம் எங்கிருந்து வந்தாலும் தியேட்டர் ஏற்றுக்கொள்ளும். 'காதில் பூ சுற்றுகிறார்கள்' என்று ஜனங்கள் சொல்வது பெரும்பாலும் விதி மாறும்போதுதான்.

தேவையில்லாத விளக்கம் என்ன செய்யும் என்பதற்கு 'ஸ்டார் வார்ஸ்' இருக்கிறது. 1977-ல் வந்த முதல் படத்தில் வீரர்களுக்குச் சக்தி தரும் 'ஃபோர்ஸ்' என்பது கிட்டத்தட்ட ஆன்மிகம். 1999-ல் வந்த படத்தில் சிறுவன் அனகினின் ரத்தத்தைச் சோதித்து, அந்தச் சக்தியோடு தொடர்புள்ள மிடி-குளோரியன் என்ற நுண்ணுயிரின் எண்ணிக்கை 20,000-க்கும் மேல் என்கிறார்கள். சர்க்கரை அளவு பார்த்தது போல இருந்தது. பழைய ரசிகர்கள் பலர் இன்னும் அதை மன்னிக்கவில்லை. விண்கலம் எத்தனை பறந்தாலும் அது அடிப்படையில் வாளும் குருவும் வரும் கதைதான். ரத்தப் பரிசோதனை அதை மாற்றவில்லை, கொஞ்சம் சின்னதாக்கியது.

சரி, உங்கள் ரேடியோவுக்கு வருவோம். விஞ்ஞானிக்குப் பதிலாக ஒரு ரேடியோ மெக்கானிக்கைக் கொண்டுவாருங்கள். பேரன் பெட்டியைக் கடைக்குத் தூக்கிப்போகட்டும். மெக்கானிக் பின்பக்க அட்டையைக் கழற்றி, தூசியை ஊதி, போன வால்வு ஒன்றை மாற்றட்டும். அன்று ராத்திரி என்ன நடக்கிறது? நாளைய செய்திக்குப் பதில் மூன்று நாள் கழித்து வரும் செய்தி கேட்டால் உங்களிடம் இருப்பது சயின்ஸ் ஃபிக்ஷன். மெக்கானிக் கடையில் வெறும் இரைச்சல், வீட்டுக்கு வந்து பேரன் திருப்பினால் மட்டும் செய்தி என்றால் அது தாத்தாவின் வேலை, ஃபேண்டஸி. இரண்டு வரி வசனம்கூட வேண்டாம். தயாரிப்பாளர் கேட்ட விளக்கமும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

நீங்கள் அனுப்பிய கதைச் சுருக்கத்தைப் படித்தவரையில் உங்களுடையது இரண்டாவது வகை என்றே படுகிறது. அப்புறம் அதில் ஒரு சிக்கல்: பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக லாட்டரி முடிவைக் கேட்டுவிடும் காட்சி. பேரன் திருப்பினால்தான் பேசும் என்பது விதியென்றால், அவன் திருப்பிய பிறகு மற்றவர் காதில் அது விழுமா? முடிவு எதுவானாலும் பத்தாம் நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள், கடைசிவரை மீறாதீர்கள்.

விண்ணப்பக் கட்டத்தில் 'ஃபேண்டஸி' என்றே எழுதுங்கள். ஒரே கட்டத்தில் இரண்டையும் கோடு போட்டு எழுதினால் நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்றுதான் படிப்பவர் நினைப்பார். பெரிய இடங்களில் இதற்காக வாசலில் நிறுத்த மாட்டார்கள்: கதைகளுக்கும் படங்களுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதும், 1968 முதல் ஸ்பெயினில் நடக்கும் சிட்ஜெஸ் திரைப்பட விழாவும் இரண்டு வகையையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் மெனக்கெட வேண்டியது அடுத்த கட்டத்தில், அந்த ஒரு வரிக் கதையில். 'பேரன் கை பட்டால் மட்டும் நாளைய செய்தி சொல்லும் ரேடியோ' என்று விதியையும் சேர்த்து எழுதுங்கள்.