சுரைப்பிஞ்சு ஏன் வெம்புகிறது?

அன்புள்ள ஐயாவுக்கு,

ஆடியில் மாடியில் சுரை விதை ஊன்றினேன். பந்தல் நிறையக் கொடி ஓடுகிறது. பூக்கிறது, பிஞ்சும் தெரிகிறது. ஆனால் விரல் நீளம் வருவதற்குள் மஞ்சளாகி வெம்பி விழுந்துவிடுகிறது. கடலைப் புண்ணாக்கு, பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். மூன்றாம் மாடிக்கு மண்ணும் எருவும் சுமந்தது நான்தான். "கடையில் கிடைக்காத சுரைக்காயா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். பிடுங்கிப் போட்டுவிடலாமா?

செல்வி, சென்னை

அன்புள்ள செல்வி,

பிடுங்காதீர்கள். பந்தல் நிறைய இலை இருக்கிறதென்றால் உங்கள் கொடிக்குப் பசியில்லை. கொஞ்ச நாளைக்கு எதையும் ஊற்ற வேண்டாம். தழைச்சத்து இன்னும் கூடினால் கொடி இலையாகவே ஓடும், பூ குறைந்துவிடும்.

நீங்கள் பிஞ்சு என்று நினைப்பது அநேகமாக இன்னும் பிஞ்சாகாத பெண்பூ. சுரையில் பூ விரிவதற்கு முன்பே அதன் அடியில் குட்டிச் சுரைக்காய் வடிவம் வந்துவிடும். மகரந்தம் சேராவிட்டால் அது சில நாளில் மஞ்சளாகி உதிரும். சுரைப்பூ சாயங்காலம் விரிந்து மறுநாள் காலையில் வாடிவிடுவது. இருட்டில் தெரியும் வெள்ளைப் பூவைத் தேடி அந்துப்பூச்சிகள் வர வேண்டும். சுற்றிலும் சிமெண்ட் தளமாக இருக்கும் மூன்றாம் மாடிக்கு அவை வருவது அபூர்வம்.

அந்த வேலையை நீங்களே செய்யலாம். ஆண்பூவுக்கு மெல்லிய நீளக் காம்பு மட்டும் இருக்கும், அடியில் காய் இருக்காது. பொழுது சாய்ந்து பூ விரிந்ததும் ஒரு ஆண்பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவே மெதுவாகத் தடவுங்கள். பீர்க்கைக்கும் சாயங்காலம்தான். பூசணிக்கும் பாகலுக்கும் காலையில். சுரைப்பூவிடம் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. மகரந்தம் சேர்ந்த பிஞ்சு பச்சை மாறாமல் நாளுக்கு நாள் பருப்பதைப் பார்ப்பீர்கள். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு அந்தச் சந்தோஷம் குறைந்ததில்லை.

பெண்பூவே குறைவாக இருந்தால் கொடியின் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக் கிளைகளில்தான் பெண்பூ அதிகம் வரும். பருத்த பிறகும் பிஞ்சு அழுகினால், தோலில் ஊசி குத்தியது போலப் புள்ளியும் அதில் பிசினும் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பழ ஈ முட்டையிட்ட இடம். அந்தக் காயை மண்ணில் போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். மற்றப் பிஞ்சுகளுக்குத் துணிப்பை மாட்டிவிடுங்கள்.

வீட்டில் கேட்பதற்கு வருகிறேன். கடைச் சுரைக்காயோடு விலையில் நாம் போட்டி போட முடியாது. மண், பை, பந்தல் என்று கணக்கெழுதினால் தோற்றுப்போவோம். செலவுக்கு ஈடு வேண்டுமென்றால் கீரை போடுங்கள், 25, 30 நாளில் சமையலுக்கு வந்துவிடும். சுரை வளர்ப்பது வேறு காரியம். பூ விரியும் நேரம் தெரிந்து, அந்த நேரத்துக்கு மாடியேறிப் போகும் ஒருவர் வீட்டில் இருப்பது சின்ன விஷயமில்லை. கேட்பவர்களையே ஒரு மாலை ஆண்பூ பறித்துத் தரச் சொல்லுங்கள்.

விதை நாட்டு ரகம் என்றால், வேறு சுரை பக்கத்தில் இல்லாத பட்சத்தில், ஒரு நல்ல காயைப் பறிக்காமல் கொடியிலேயே முற்றிக் காய விடுங்கள். அடுத்த பட்டத்துக்கு விதையாகும். ஹைப்ரிட் விதை என்றால் எல்லாவற்றையும் பிஞ்சிலேயே சமைத்துவிடலாம்.