ஐந்தில் ஒருவரா? அமெரிக்கக் கல்லூரிக் கணக்கு பற்றிக் கேள்வி பதில்

கருத்துக்கணிப்புகளுக்குக் கேள்வித்தாள் தயாரிப்பது என் பிழைப்பு. வந்த கேள்விகளில் சில:

இளங்கோ: அமெரிக்கக் கல்லூரிப் பெண்களில் ஐந்தில் ஒருவருக்குப் பாலியல் தாக்குதல் என்கிறார்களே, நம்பலாமா மேடம்?

2007-இல் வெளியான ஆய்வு அது. இரண்டே பல்கலைக்கழகங்கள், 5,446 மாணவிகள். கல்லூரியில் சேர்ந்தபின் நடந்தது, நடக்க முயன்றது எல்லாம் சேர்த்து 19 சதவீதம். நாடு முழுவதற்கும் பொருத்தாதீர்கள் என்று ஆய்வாளர்களே பின்னால் சொன்னார்கள். அதற்குள் எண் மேடை ஏறிவிட்டது. ஆனாலும் 2019-இல் 33 பல்கலைக்கழகங்களில் கேட்டபோது இளநிலை மாணவிகளிடம் 25.9 சதவீதம் வந்தது. (பதில் அனுப்பியவர்கள் சுமார் 22 சதவீதம்தான், அதையும் சேர்த்துப் படியுங்கள்.)

ரஹீம்: அமெரிக்க நீதி அமைச்சகக் கணக்கில் ஆயிரம் மாணவிகளுக்கு 6.1 தானே?

அது ஓர் ஆண்டுக் கணக்கு. மேலே உள்ளது சேர்ந்த நாளிலிருந்து. அதைவிடப் பெரிய வித்தியாசம் கேள்வியில். அமைச்சகத்துடையது குற்றக் கணிப்பு. திருட்டுப் போனதா என்று கேட்கும் அதே மூச்சில் இதையும் கேட்பார்கள். தெரிந்த பையன், அவன் அறை, இரண்டு கிளாஸ் பீர். அதைக் ‘குற்றம்’ என்று அவள் நினைத்தே பார்த்திருக்க மாட்டாள். உளவியலாளர் மேரி காஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில் வன்புணர்வு என்ற சொல்லை விட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி விவரித்து, இப்படி நேர்ந்ததா என்று கேட்டார். சட்டப்படி வன்புணர்வாகும் அனுபவத்தைச் சொன்னவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருத்திதான் அதை அந்தப் பெயரால் சொன்னாள்.

செந்தில்: பெண்கள் குடிக்காமல் இருந்தால் குறையாதா?

ஊற்றிக் கொடுத்தவன் உங்கள் கேள்வியில் எங்கே தம்பி?

மகேஸ்வரி: மகள் எம்.எஸ். படிக்கப் போகிறாள். கல்லூரி அறிக்கையில் பூஜ்யம் போட்டிருக்கிறது. நிம்மதியாக இருக்கலாமா அக்கா?

பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதி வேண்டாம்மா. வளாகக் குற்றக் கணக்கைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும் என்று 1990-இல் வந்த கிளெரி சட்டப்படி வெளியிடும் அறிக்கை அது. 2015-க்கு 89 சதவீத வளாகங்கள் வன்புணர்வு பூஜ்யம் என்றே காட்டின! வந்த புகார்தான் அதில் ஏறும். அதிலும் வளாகம், விடுதி, ஒட்டிய தெரு போன்ற இடங்கள் மட்டும். நம் பிள்ளைகள் நாலு பேராகச் சேர்ந்து எடுக்கும் வெளி அபார்ட்மென்ட் வராது. முதுநிலை மாணவிகளில் தாக்குதல் நேர்ந்ததாகச் சொன்னவர்கள் அதே 2019 கணிப்பில் 9.7 சதவீதம். பூஜ்யம் போட்ட கல்லூரியைவிட, எண்ணைக் காட்டும் கல்லூரியில் புகாரை வாங்கி எழுதுகிறார்கள் என்று நான் நினைப்பேன். இந்தப் புகார்களைக் கவனிக்கும் ‘டைட்டில் நைன்’ அலுவலகம் எந்தக் கட்டடம், ரகசியம் காக்கும் ஆலோசகர் யார் என்று முதல் வாரமே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.