வரும் டிசிஜி (கார்டு சேர்த்து ஆடும் விளையாட்டு) சீசனில் எந்த டெக்குகள் (ஆடக் கட்டிவைக்கும் கார்டுக் கட்டுகள்) அதிகம் வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

முடியும். நூற்றுக்கு நூறு முடியாது, ஆனால் டயர் லிஸ்ட் (டெக்குகளின் தர வரிசை) போடுகிறவர்கள் சொல்வதைவிட நன்றாகவே முடியும்.

நீங்கள் எந்த விளையாட்டு என்று சொல்லவில்லை. ஆனால் கேள்வியின் கீழே, "ரொட்டேஷன் வருகிறது, ஒரே ஒரு டெக் கட்டத்தான் காசு இருக்கிறது, தப்பான டெக்கில் போட்டுவிடக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்து போக்கிமான் என்று எடுத்துக்கொள்கிறேன். ரொட்டேஷன் என்றால் பழைய கார்டுகளைப் போட்டியிலிருந்து மொத்தமாக விலக்குவது. யூகியோவின் முக்கியப் போட்டி முறையில் ரொட்டேஷனே கிடையாது, அங்கே எல்லாம் தடைப் பட்டியல்தான். மேஜிக் ஸ்டாண்டர்ட் ஆடுபவராக இருந்தால் பெயர்களை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ரொட்டேஷனுக்கு முந்தைய வாரம் டெக் வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவராகவும் நீங்கள் இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். இல்லையென்றால் இவ்வளவு பதற்றம் வராது.

முதலில் ஒரு விஷயம். வலுவான டெக் எது என்பது ஒரு கேள்வி, அதிகம் பேர் கொண்டுவரும் டெக் எது என்பது வேறு கேள்வி. முதலாவதற்குக் கார்டைப் படித்தால் போதும். இரண்டாவதற்கு ஆட்களைப் படிக்க வேண்டும். வீடியோ போடுகிறவர்கள் முதலாவதற்கு விடை சொல்லிவிட்டு அதையே இரண்டாவதற்கும் விடையாக விற்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் 2025 ஏப்ரல் ரொட்டேஷன். கார்டின் காலத்தைக் காட்ட அதில் ஓர் எழுத்து இருக்கும், அதுதான் ரெகுலேஷன் குறி. அப்போது எஃப் குறி போட்ட கார்டுகள் எல்லாம் ஒரே நாளில் வெளியேறின. ஜி, எச், ஐ மட்டும் மிச்சம். லூகியா விஸ்டார் போயிற்று, ரெஜிடிராகோ விஸ்டார் போயிற்று, எந்த டெக்கிலும் ஒட்டிக்கொள்ளும் ரேடியன்ட் கிரெனிஞ்சா போயிற்று. கார்டெவோர் டெக் ஆடுகிறவர்களுக்கு விழுந்ததுதான் பெரிய அடி. அவர்களுடைய கிர்லியா போய்விட்டது. தெரியாதவர்களுக்காக: அந்தக் கிர்லியா கையிலிருந்து ஒரு கார்டைக் கழித்துவிட்டு இரண்டு கார்டு எடுக்கவிடும். கழிப்பது சைக்கிக் எனர்ஜியாக (தாக்குவதற்குப் போக்கிமானில் ஒட்டும் கார்டு) இருந்தால் இரட்டை லாபம், ஏனென்றால் கார்டெவோர் எக்ஸ் அந்த எனர்ஜியைக் குப்பையிலிருந்து எடுத்துத்தான் ஒட்டும். டெக்கின் உயிர்நாடியே அதுதான்.

அதனால் எங்கள் குழுவில் எல்லோரும் கார்டெவோருக்குக் காரியம் செய்து முடித்துவிட்டார்கள். "இனி அதை எவன் தொடுவான்" என்பதுதான் பேச்சு. சீசனில் என்ன வரும் என்று ஆளாளுக்கு எழுதி வைத்துக்கொண்டோம். நான் டிராகபல்ட் டெக்கை முதலிலும் கார்டெவோரை இரண்டாவதாகவும் எழுதினேன். சிரித்தார்கள். குழுவிலேயே சின்னப் பையன் ஒருவன், மரியாதையாகத்தான், "அண்ணா, கிர்லியாவே இல்லாம அத எப்படிண்ணா ஓட்டுவாங்க?" என்று கேட்டான்.

எப்படி ஓட்டுவார்கள் என்று எனக்கும் அப்போது தெரியாது. ஆனால் ஓட்டுவார்கள் என்று தெரியும். எனக்குத் தெரிந்த கார்டெவோர் ஆட்டக்காரர்களில் ஒருவர்கூடத் தன் டெக்கை விற்கவில்லை. லூகியா வைத்திருந்தவர்கள் பிப்ரவரியிலேயே கூவிக் கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் விற்காததோடு நிற்காமல், என்னிடம் வந்து மங்கிடோரி கார்டு கூடுதலாக இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். கிர்லியா போன இடத்தை வேறு கார்டுகளால் அடைத்துப் பார்க்கும் வேலை ஏற்கெனவே நடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அந்த டெக் கஷ்டப்பட்டுப் பழக வேண்டிய டெக். ஒரு வருடம், இரண்டு வருடம் உட்கார்ந்து பழகியவன் ஒரு கார்டு போனதற்காக அதை விட்டுவிட மாட்டான். அந்தச் சீசன் முழுக்க கார்டெவோர் எங்கே இருந்தது என்று ஆடியவர்களுக்குத் தெரியும், பெரிய போட்டிகளின் மேல் மேசைகளில்தான்.

டிராகபல்ட்டைச் சொன்னதில் பெரிய சாமர்த்தியம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். டிராகன் வகை, 320 எச்பி (விழுவதற்கு முன் தாங்கும் அடி), பலவீனம் என்று எதுவுமில்லை, எதிரே நிற்பதற்கு 200 அடி, அதோடு பெஞ்சில், அதாவது பின்னால் காத்திருப்பவற்றின் மேல், இஷ்டப்படி ஆறு டேமேஜ் கவுண்டர் (ஒன்றுக்கு 10 அடி). 30 எச்பி பட்யூ இரண்டு பெஞ்சில் இருந்தால் போகிற போக்கில் இரண்டையும் தட்டிவிடும். அதைவிட முக்கியம், அந்த டெக்குக்குக் கடையில் ரெடிமேட் லீக் பேட்டில் டெக் கிடைத்தது. ரெடிமேடாக ஒரு டெக் வந்துவிட்டால் புதிதாக ஆட வருகிறவர்களில் பெரும்பகுதி அதைத்தான் வாங்கி, நாலைந்து கார்டு மாற்றி, அப்படியே போட்டிக்கு வருவார்கள். சாரிசார்டுக்கும் இதே கதைதான் நடந்தது. சாரிசார்டுக்கு இன்னொரு பலமும் உண்டு: அதைப் பிடிக்கும் என்பதற்காகவே ஆடுகிறவர்கள் ஒரு கூட்டம் எப்போதும் இருக்கிறது. அவர்களை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது, ஆனால் வருவார்கள்.

குழுவில் ஒருவர், பெயர் வேண்டாம், அன்றிலிருந்து இன்றுவரை "இவன் ஜப்பான் ரிசல்ட்டைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டுப் பெருமை பேசுகிறான்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். பார்த்தேன்தான். யார் பார்க்கவில்லை? ஜப்பானில் ரொட்டேஷன் ஜனவரியிலேயே வந்துவிடும், புதுச் செட்டும் அங்கேதான் முதலில் வரும், சிட்டி லீக் என்ற அங்கத்திய போட்டிகளின் முடிவுகள் எல்லோர் கண்ணுக்கும் கிடைக்கின்றன. அவரும் அதையேதான் பார்த்தார். பார்த்ததை அப்படியே எழுதியதால்தான் அவருடைய பட்டியல் ஊற்றிக்கொண்டது.

ஜப்பானில் சிட்டி லீக் ஒற்றை ஆட்டம். நேரம் முடிந்தும் ஆட்டம் முடியவில்லை என்றால் இரண்டு பேருக்கும் தோல்வி. ஜப்பானுக்கு வெளியே பெரிய போட்டிகளில் 50 நிமிடத்தில் மூன்று ஆட்டத்துக்கு இரண்டு ஜெயிக்க வேண்டும். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1. டிரா என்று ஒன்று இருக்கும் இடத்தில் மெதுவான டெக்குக்குத் தோல்வியிலிருந்து தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, அங்கே அது இல்லை. அதேபோல ஒற்றை ஆட்டத்தில், எதிராளி எதிர்பார்க்காத கார்டை வைத்து ஒரு தடவை ஏமாற்றினால் போதும். இங்கே இரண்டாவது ஆட்டத்தில் அவனுக்கு அது தெரிந்துவிடும். ஆகவே அங்கே மேலே இருக்கும் டெக்கில் எது வேகத்தால் மேலே வந்தது, எது ஏமாற்றி மேலே வந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் நம் பக்கத்துக்கு எடுத்துவர வேண்டும்.

சரி, அதிகம் பேர் டிராகபல்ட் என்று தெரிந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும்? அதை அடிக்கும் கார்டு வரும். அப்போது வந்தது லில்லியின் கிளெஃபெரி எக்ஸ். அது களத்தில் இருந்தால் எதிராளியின் டிராகன் வகை எல்லாவற்றுக்கும் சைக்கிக் பலவீனம் வந்துவிடும், அதாவது அடி இரட்டிப்பு. அதன் தாக்குதல் 20, அதோடு இரண்டு பெஞ்சிலும் சேர்த்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் 20. இரண்டு பக்கமும் சேர்த்து ஏழு பேர் பெஞ்சில் இருந்தால் 20 கூட்டல் 140, மொத்தம் 160. இரட்டித்தால் 320. டிராகபல்ட்டின் எச்பி மிகச்சரியாக அதுதான். ஆறு பேர் இருந்தால் 280, அது பிழைத்துக்கொண்டு திருப்பி அடிக்கும். கிளெஃபெரிக்கு 190 எச்பிதான், 200 அடியில் காலி.

இந்தக் கணக்கு தெரிந்த டிராகபல்ட் ஆட்டக்காரர் என்ன செய்வார்? பெஞ்சைக் குறைத்து ஆடுவார், டெக்கை மாற்ற மாட்டார். நம் ஊகம் தடுக்கி விழுவது இங்கேதான். "அதை அடிக்கும் கவுண்டர் கார்டு வந்துவிட்டது, இனி டிராகபல்ட் குறையும்" என்று நாலைந்து பேர் சொன்னார்கள். குறையவில்லை. ஒரு கார்டால் விழுகிற டெக்கை விடுவார்கள், ஒரு கார்டைச் சுற்றி ஆடிக்கொள்ள முடிகிற டெக்கை விட மாட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் கமெண்டில் யாராவது கொண்டுவந்து நிறுத்துவீர்கள். 2024 ஹொனலூலு உலகப் போட்டி. வென்றவர் சிலியைச் சேர்ந்த ஃபெர்னாண்டோ சிஃபுவென்டெஸ், டெக் அயன் தார்ன்ஸ் எக்ஸ். அது முன்னால் நிற்கும்வரை, ரூல் பாக்ஸ் (எக்ஸ், விஸ்டார் போன்றவற்றில் இருக்கும் தனி விதிக் கட்டம்) உள்ள போக்கிமான்களில் ஃபியூச்சர் வகை தவிர எதுவும் தன் அபிலிட்டியை, அதாவது தாக்குதல் அல்லாத சிறப்புத் திறனை, பயன்படுத்த முடியாது. அந்தச் சீசனில் பாதிப் பேரின் டெக் அபிலிட்டியை நம்பித்தான் ஓடியது. வந்திருந்த கூட்டத்தில் அந்த டெக் சிறுபான்மைதான், கோப்பையை எடுத்தது. ஆனால் கவனியுங்கள், நீங்கள் கேட்டது எது ஜெயிக்கும் என்று இல்லை, எது அதிகம் வரும் என்று. அதிகம் வருவது எது என்று சரியாகத் தெரிந்ததால்தான் அவரைப் போன்றவர்களுக்கு அந்தத் தேர்வே சாத்தியம்.

இன்னொன்று. கணிப்பு தவறிவிடுமோ என்று ரொம்பப் பயப்படுகிறீர்கள். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மூன்றே டெக் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 40 சதவீதம், இரண்டாவது 35, மூன்றாவது 25 வரும் என்று நினைக்கிறீர்கள். உங்கள் டெக் முதலாவதை 60 சதவீதம் ஜெயிக்கும், இரண்டாவதோடு சரிக்குச் சரி, மூன்றாவதிடம் 35தான். பெருக்கிக் கூட்டினால் 50.25. இப்போது கணிப்பு பிசகி, முதலாவது 30, மூன்றாவது 35 ஆகிவிட்டது. மறுபடி கூட்டினால் 47.75. இரண்டரைப் புள்ளிதான் வித்தியாசம். பழகாத டெக்கை எடுத்துக்கொண்டு போய், பிரைஸில் (ஆட்டத் தொடக்கத்தில் கவிழ்த்து ஒதுக்கும் கார்டுகளில்) என்ன மாட்டியிருக்கிறது என்றுகூடப் பார்க்கத் தெரியாமல் ஆடினால் போகிற புள்ளி இதைவிட அதிகம். இதைச் சொன்னால் "அப்புறம் எதுக்குக் கணிக்கணும்" என்று கேட்பார்கள். 60 கார்டில் கடைசி இரண்டு மூன்று இடத்தில் என்ன வைப்பது என்று முடிவு செய்ய வேண்டாமா, அதற்குத்தான்.

நான் முக்கியமாகக் கவனிப்பது இரவல்தான். ரொட்டேஷனுக்கு முந்தைய ஒரு மாதத்தில் யார் யாரிடம் என்ன கார்டு கேட்கிறார்கள் என்று பாருங்கள். வாயால் சொல்வது எல்லாம் சும்மா. "நான் இந்தத் தடவை புதுசா ஏதாவது ட்ரை பண்றேன்" என்பவன் கோல்டெங்கோ கார்டுக்கு மூன்றாவது காப்பி தேடிக்கொண்டிருப்பான். ஒரே கார்டை மூன்று நான்கு பேர் தனித்தனியாகக் கேட்டால் அந்த டெக் வருகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். விலை ஏறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

இரவல் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தயவுசெய்து, வாங்கிய கார்டை ஸ்லீவோடு (பாதுகாப்பு உறையோடு) திருப்பிக் கொடுங்கள். நான் இரட்டை ஸ்லீவ் போட்டுக் கொடுத்த கார்டு ரப்பர் பேண்ட் சுற்றி வெறுமையாகத் திரும்பி வந்திருக்கிறது. மூலையில் வெள்ளை தெரிகிறது. கேட்டால், "முன்னாடியே அப்படித்தான இருந்துச்சு" என்கிறார். முன்னாடி அப்படி இருந்திருந்தால் போட்டியில் நடுவரே குறிபட்ட கார்டு என்று எடுத்திருப்பாரே! இன்னொருவர் மாதக்கணக்காக வைத்திருந்துவிட்டு, திருப்பிக் கேட்டதற்கு, ஏதோ நான்தான் கடன் வாங்கியவன் மாதிரி, "உனக்கென்ன அவசரம், நீ அந்த டெக் ஆடவே இல்லையே" என்றார். நான் ஆடுகிறேனா இல்லையா என்பது என் பாடு. இதற்கெல்லாம் எந்த விதிப் புத்தகத்திலும் தண்டனை இல்லை. இப்போதெல்லாம் கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன், அதற்கும் "ரொம்பப் பண்றான்" என்று பெயர்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீசனின் முதல் பெரிய போட்டிக்கு என்றால், பழைய டெக்குகளில் எது ரொட்டேஷனில் கார்டு குறைவாக இழக்கிறதோ, அதன் ஆட்டக்காரர்கள் விற்காமல் இருக்கிறார்களோ, அதுதான் அதிகம் வரும். புது டெக்குகள் முதல் போட்டியில் குறைவாகத்தான் வரும், வலுவாக இருந்தாலும். முதல் போட்டி முடிந்ததும் எல்லோரும் பார்க்கும் பட்டியலை நீங்களும் பாருங்கள், ஆனால் எத்தனை பேர் கொண்டுவந்தார்கள், அதில் எத்தனை பேர் இரண்டாம் நாளுக்குத் தேறினார்கள் என்று சேர்த்துப் பாருங்கள். நூறு பேர் கொண்டுவந்து பத்துப் பேர் தேறிய டெக்கும், பன்னிரண்டு பேர் கொண்டுவந்து நாலு பேர் தேறிய டெக்கும் ஒன்று இல்லை. அடுத்த போட்டியில் கூட்டம் இரண்டாவது பக்கம்தான் சாயும், முதலாவதும் அவ்வளவு சீக்கிரம் குறையாது.

ஒரே டெக்குக்குத்தான் காசு என்றால், அந்த முதல் போட்டியைப் பார்க்கும்வரை வாங்காமல் இருங்கள். அதுவரை எந்த டெக்கிலும் போகும் பொதுக் கார்டுகளை மட்டும் சேர்த்து வையுங்கள். சப்போர்ட்டர் (உதவிக் கார்டுகள்), போக்கிமானைத் தேடி எடுக்க உதவும் பால் (பந்து) வகைகள், எனர்ஜி, இவை எங்கேயும் பயன்படும். ரெகுலேஷன் குறியைப் பார்த்து வாங்குங்கள், இருப்பதில் பழைய குறி போட்டது அடுத்த ரொட்டேஷனில் போய்விடும். எந்த டெக் என்று மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று கமெண்டில் சொன்னால், எதை இப்போதே வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம் என்று தெரிந்ததைச் சொல்கிறேன். கார்டு இரவல் மட்டும் கேட்காதீர்கள்.