சபையில் கேட்ட சிரிப்பு கணக்கில் வராது, டீச்சர்

டீச்சர் அம்மாவுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மகன் பி.காம். மூன்றாம் வருடம். "ஸ்டாண்ட்-அப் காமெடிதான் என் ஊழியம்" என்கிறான். நீங்கள் பைபிளில் எபேசியர் 5:4-ஐக் காட்டி, பரியாசம் தகாது என்று சொல்லியிருக்கிறீர்கள். அவன் பதிலுக்கு, முதுமையில் பிள்ளை பெற்ற சாராளைக் காட்டியிருக்கிறான்: தேவனே அவளைச் சிரிக்க வைத்தாரே! இந்தப் பஞ்சாயத்துக்கு உங்கள் சேகரத்து ஐயர், அதாவது சபைக் குருவானவர், இருக்கிறார். அவனுக்கு இது வருமா, இதை வைத்துப் பிழைக்க முடியுமா என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். வாலிபர் கூடுகையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பற்றி, அதாவது சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் விளைச்சலைச் சபைக்காக ஏலம் விடுவதைப் பற்றிப் பேசுகிறான். 60 ரூபாய் பூசணிக்காயை எதிர்வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாமல் 2,500 ரூபாய்க்கு எடுத்த மாமா, வீட்டுக்கு வந்து "கர்த்தருக்குத்தானே கொடுத்தேன்" என்கிறார். அத்தை மூன்று நாள் பூசணிக்காய்க் குழம்பே வைக்கிறாள், "கர்த்தர் கொடுத்ததுதானே, சாப்பிடுங்க" என்று. நானே சிரித்துவிட்டேன். பையனுக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்கிற காது இருக்கிறது.

ஆனால் அந்த ஹாலில் எழுந்த சிரிப்பை நம்பாதீர்கள். அந்த மாமாவை அங்கே எல்லோருக்கும் தெரியும், உங்கள் மகனை ஞாயிறு பள்ளியிலிருந்தே தெரியும். பாதிச் சிரிப்பு பாசத்தில் வந்தது. சென்னையில் ஒரு ஓபன் மைக்கில் (புதியவர்களும் மேடை ஏறிப் பார்க்கிற நிகழ்ச்சி) 30 பேர் இருந்தால், அறுப்பின் பண்டிகை என்றால் என்னவென்று தெரிந்தவர் இரண்டு பேர் தேறுவதே கஷ்டம். சர்ச்சுக்குள் ஏலம் ஏன் நடக்கிறது என்று அவன் சொல்லியாக வேண்டும். அதற்கு 40 விநாடி எடுத்தால் கூட்டம் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடும். இரண்டு வரியில் முடிய வேண்டும், அதிலேயே ஒரு சிரிப்பும் விழ வேண்டும். "எங்க சர்ச்ல வருஷத்துக்கு ஒருநாள் ஐ.பி.எல். ஏலம் நடக்கும், பிளேயருக்குப் பதிலா வெண்டைக்காய்" என்பது போல. (இது சுமார்தான். அவன் இதைவிட நன்றாக எழுதுவான்.) முன்பின் தெரியாதவர்களை இப்படி ஐந்து நிமிடம் சிரிக்க வைக்கவே பலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. ஒரு மணி நேரத் தனி நிகழ்ச்சி என்றால் வருடக்கணக்கு.

விசுவாசமும் நகைச்சுவையும் ஒட்டாது என்ற பயத்தை விடுங்கள். 200 வருஷத்துக்கு முன்பே தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' எழுதி, குறவஞ்சி நாடகத்தின் சிங்கனையும் சிங்கியையும் பெத்லகேமுக்குக் கூட்டிப் போனவர். நம் காலத்தில் சாலமன் பாப்பையாவைப் பாருங்கள், திண்டுக்கல் லியோனியைப் பாருங்கள். அவர்கள் என்ன மதம் என்று யோசித்தா பட்டிமன்றத்தில் சிரித்தோம்? இன்னொன்றும் கவனியுங்கள். பாப்பையா மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாதச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே மேடை ஏறியவர்கள். ஸ்டாண்ட்-அப் காமெடியன் அலெக்ஸாண்டர் பாபுவும் சாஃப்ட்வேர் வேலை பார்த்துவிட்டு மேடைக்கு வந்தவர்தான். உங்கள் மகன் டிகிரியை முடிக்கட்டும், சென்னையில் ஒரு வேலையில் சேரட்டும், சாயங்காலங்களை மேடைக்குக் கொடுக்கட்டும்.

ஊழியமா தொழிலா என்பதையும் அவன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் சர்ச் சர்ச்சாகப் போய் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியே குடும்பம் நடத்துகிறவர்கள் உண்டு. நம் ஊரில் சபைக் கூட்டம் முடிந்ததும் ஒரு கவர் கிடைக்கும், சில நேரம் "ஜெபிச்சுக்கிறோம் தம்பி" மட்டும் கிடைக்கும். அதற்குப் போகட்டும், பழகின இடம், நல்லதுதான். ஆனால் வருமானம் கம்பெனி நிகழ்ச்சிகளிலும் டிக்கெட் போட்ட ஷோக்களிலும்தான் இருக்கிறது. குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற மாதிரிப் பேசுகிறவனுக்கு அங்கே கிராக்கி அதிகம். உங்கள் வீட்டு வளர்ப்பு அவனுக்குக் கைகொடுப்பது இங்கேதான். டென்னசியில் பாப்டிஸ்ட் குடும்பத்தில் வளர்ந்த அமெரிக்க காமெடியன் நேட் பார்கட்ஸி கெட்ட வார்த்தை இல்லாமலே பெரிய பெரிய அரங்குகளை நிரப்புகிறார். மேடையில் அவர் பிரசங்கம் செய்வதில்லை. டிக்கெட் வாங்கி வந்தவருக்குக் கடைசியில் தன் விசுவாசத்தைப் பற்றி ஒரு சாட்சி சொல்லி அனுப்பலாம் என்ற எண்ணம் உங்கள் மகனுக்கு இருந்தால், இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. தன் சபையைக் கிண்டல் செய்யலாம், அடுத்தவர் சாமியைத் தொடவே கூடாது. மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 299-வது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை. 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் இப்படிப்பட்ட புகாரில் கைதான ஸ்டாண்ட்-அப் காமெடியன் முனவர் ஃபரூக்கிக்கு, உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்தது பிப்ரவரி 5-ல். அதனால், யாராவது புகார் சொன்னால் என்ன பேசினான் என்று காட்ட, ஒவ்வொரு ஷோவையும் முதலிலிருந்து கடைசிவரை பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிக்கவில்லை என்று மறுநாள் கேட்டுப் பார்க்கவும் அதுதான் உதவும்.

வேலையில் சேர்ந்த பிறகு இரண்டு வருடம் கொடுங்கள். அதற்குள் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் 20 நிமிடம் தாக்குப்பிடிக்கிறானா என்று பார்ப்போம். முதல் மூன்று மேடைக்கு நீங்கள் போகாதீர்கள், உங்கள் முகத்தைப் பார்த்தால் பாதியை விழுங்கிவிடுவான். நாலாவதுக்குப் போங்கள், டிக்கெட் வாங்கிக்கொண்டு, கடைசி வரிசையில். அதற்கு முன்னால், பூசணிக்காய்க் கதையை வெளியே சொல்ல மாமாவிடம் அனுமதி வாங்கிவிட்டானா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள். அத்தையிடமும்தான்.