காலையில் எழுவது நான்தானா?

கேள்வி: தூங்கும்போது எனக்கு நினைவு தப்பிவிடுகிறது. அப்படியானால் காலையில் எழுவது நான்தானா, இல்லை என் ஞாபகங்களோடு எழும் வேறொருவரா? மூன்று வாரமாக இதே எண்ணம். கண் சொருகும்போதே பயந்து விழித்துக்கொள்கிறேன்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: எழுவது நீங்கள்தான். ஏன் அப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்று கேளுங்கள்.

17-ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஜான் லாக்கும் தூக்கத்தைப் பற்றி யோசித்தவர்தான். நேற்று செய்ததை 'நான் செய்தேன்' என்று இன்று உணர முடிந்தால் அதே ஆள்தான், நடுவில் தூங்கியது பொருட்டல்ல என்றார். உங்களுக்கு இது போதாது, எனக்கும் போதவில்லை. ஞாபகங்களோடு எழும் வேறொருவரும் அதையே சொல்வாரே!

ஒன்று நின்று, இன்னொன்று தொடங்கினால்தான் 'வேறொருவர்' வர முடியும். தூக்கத்தில் மூளை நின்றுவிடுவதில்லை. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக, ஆழ்ந்த உறக்கமும் கனவும் மாறி மாறி வர, அதே மூளை விடிய விடிய வேலை செய்கிறது. 1960-இல் தூக்க ஆராய்ச்சியாளர் இயன் ஆஸ்வால்டும் அவருடைய குழுவினரும் தூங்குகிறவர்களுக்குப் பல பெயர்களை ஒலிக்கவிட்டு மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். மற்ற பெயர்களைவிடச் சொந்தப் பெயருக்கு மூளை அதிகமாக அசைந்து கொடுத்தது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். நீங்கள் அறியாமலே உங்களுக்குள் உங்கள் பெயர் காத்திருக்கிறது. ஞாபகங்களும் அங்கே சும்மா கிடப்பதில்லை. எலிகள் ஓடியபோது சேர்ந்து இயங்கிய மூளை உயிரணுக்கள், பிறகு எலிகள் தூங்கும்போதும் சேர்ந்தே இயங்கியதை 1994-இல் வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். நேற்றைய அனுபவம் நாளைக்கும் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆழ்ந்த உறக்கத்தில் உணர்வு முழுக்க அணைகிறதா என்ற விவாதம் முடியவில்லை. முடியாவிட்டாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. விழித்திருக்கும்போதும் உணர்வு ஒரே சீராக ஓடுவதில்லையே. யோசனையில் மூழ்கி, நடந்துவந்த வழியே தெரியாமல் வீடு சேர்ந்ததில்லையா?

சரி, இன்றிரவு என்ன செய்யலாம்? தூக்கம் வரும் அந்த நொடியைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், காவல் காத்தால் அது வராது. இந்தக் கேள்வியை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மூடிவிடுங்கள். படுத்தும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, கண் அசரும்போது படுங்கள்.

மூன்று வாரம் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. தூக்கம் கெட்டாலே பயம் பெருகும். இந்த வாரமே ஒரு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பாருங்கள். பகலிலும் 'நான் நானில்லை' என்று தோன்றினால், கூச்சப்படாமல் அதையும் அவரிடம் சொல்லுங்கள்.