டாட் காம் நம்மிடம், டாட் ஷாப் யாரிடம்?

புதிய டொமைன் பின்னொட்டுகளில் வணிகக்குறிகளைப் பதுக்குவது பற்றி வந்த கடிதங்களில் ஆறை இம்முறை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: எங்கள் பிராண்டின் டாட் காம் பத்தாண்டுகளாக எங்களிடம் இருக்கிறது. அதே பெயரை டாட் ஷாப்பில் யாரோ பதிவு செய்துவிட்டு, பெரிய தொகை கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறார். பேரம் பேசலாமா?

பதில்: இப்போதைக்கு அவருக்குப் பதில் போடாதீர்கள். அந்த மெயிலை அழித்துவிடவும் வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரம் அதுதான்.

டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு 1999-ல் கொண்டுவந்த யூடிஆர்பி என்ற டொமைன் தகராறு விதிகளின்படி நீங்கள் மூன்றை நிரூபிக்க வேண்டும். அந்த டொமைன் உங்கள் வணிகக்குறியைக் குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருக்கிறது. வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை எதுவும் இல்லை. கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்து, அப்படியே பயன்படுத்தியும் வருகிறார். பலர் சறுக்குவது மூன்றாவதில். வணிகக்குறி உரிமையாளரிடமே கைச்செலவைவிட அதிக விலைக்கு விற்பதற்காகப் பதிவு செய்வதை, கெட்ட நோக்கத்துக்கு எடுத்துக்காட்டாக அந்த விதியே சொல்கிறது. அவராக முந்திக்கொண்டு விலை சொன்ன மெயில் அங்கேதான் கைகொடுக்கும்.

என்னிடம் வந்த ஒருவர் அவசரப்பட்டு, "எவ்வளவு வேண்டும்?" என்று தானே முதலில் கேட்டுவிட்டார். எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொண்டது: "நான் விற்கப் போகவில்லை, இவர்தான் கேட்டு வந்தார்." ஒரே ஒரு வரி மெயிலால் வழக்கு எவ்வளவு பலவீனப்பட்டது என்பதைப் பார்த்தபின், இதை எல்லாரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

செலவைப் பொறுத்தவரை, இந்தப் புகார்களை விசாரிக்கும் அமைப்புகளில் ஒன்றான உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தில், அதாவது வைப்போவில், 1 முதல் 5 டொமைன் வரை, ஒரு நடுவர் என்றால் கட்டணம் 1,500 டாலர். மூவர் குழு என்றால் 4,000. வழக்கறிஞர் செலவு தனி. எதிர்த்தரப்புக்குப் பதில் தர 20 நாள் அவகாசம் உண்டு. வென்றால் பெயர் உங்களுக்கு மாறும், அல்லது ரத்தாகும். நஷ்டஈடு கிடைக்காது, அது வேண்டுமானால் நீதிமன்றம்தான்.

கேள்வி: யூஆர்எஸ் என்று ஒரு விரைவு வழி இருக்கிறதாமே, அது மலிவா?

பதில்: மலிவுதான், வேகமும்தான். 2012-ல் ஐகேன் விண்ணப்பம் வாங்கித் திறந்துவிட்ட பின்னொட்டுகளுக்கு இது கட்டாயம். புகாரில் உங்கள் விளக்கம் 500 சொல்லைத் தாண்டக் கூடாது. 2014 பிப்ரவரியில் ஐபிஎம் டாட் குரு, ஐபிஎம் டாட் வென்ச்சர்ஸ் இரண்டையும் அந்த நிறுவனம் முடக்கியது இதன் வழியாகத்தான்.

ஆனால் பெயர் உங்கள் கைக்கு வராது. பதிவுக்காலம் முடியும்வரை முடங்கிக் கிடக்கும். பணம் கட்டினால் இன்னும் ஓராண்டு. அதன்பின் வேறொருவர் எடுத்துக்கொள்ள முடியும். நிரூபணத் தரமும் யூடிஆர்பியைவிடக் கடுமையானது, சந்தேகத்துக்கு இடமிருந்தால் புகார் தள்ளுபடி. போலிக் கடை, பாஸ்வேர்டு திருடும் பக்கம் என்று அப்பட்டமாகத் தெரியும் மோசடியை உடனே நிறுத்த இது நல்ல கருவி. உங்களுக்கே வேண்டிய பெயர் என்றால் யூடிஆர்பிக்குப் போங்கள்.

கேள்வி: எங்கள் பெயரில் எடுத்த டொமைனைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். பயன்படுத்தாததை எப்படிக் கெட்ட நோக்கம் என்பது?

பதில்: 2000-ல் ஆஸ்திரேலியத் தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ராவின் வழக்கிலேயே இந்தக் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. தளமே இல்லாத டொமைன் அது. புகழ்பெற்ற குறி, மறைக்கப்பட்ட அடையாளம், நேர்மையான பயன்பாடு எதையும் கற்பனை செய்ய முடியாத நிலை; இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சும்மா வைத்திருப்பதும் கெட்ட நோக்கமே என்று தீர்ப்பானது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் இன்றே பாருங்கள். அந்த டொமைனுக்கு எம்எக்ஸ் பதிவு, அதாவது அதன் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற குறிப்பு, இருக்கிறதா? பக்கம் வெறுமையாக இருந்து மெயில் சர்வர் மட்டும் அமைத்திருந்தால், உங்கள் கணக்குப் பிரிவின் பெயரில் வாடிக்கையாளருக்குப் போலி இன்வாய்ஸ் போக வழி இருக்கிறது. வெள்ளைப் பக்கத்தைவிட எனக்கு அதுதான் கவலை. தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

கேள்வி: பின்னொட்டைக் கணக்கில் எடுப்பார்களா?

பதில்: ஒப்பிடும்போது பொதுவாக விட்டுவிடுவார்கள். ஆனால் பின்னொட்டு உங்கள் தொழிலையே சொன்னால் அது உங்கள் பக்கம் பேசும். புதிய பின்னொட்டுகளில் முதலில் யூடிஆர்பி தீர்ப்பு வந்தது 2014-ல், கேனியன் டாட் பைக் வழக்கில். புகார் தந்தது சைக்கிள் நிறுவனம், பெயரும் அதற்கே போனது. டெஸ் டாட் கோ வழக்கில் புள்ளியைத் தாண்டி இரண்டு பக்கத்தையும் சேர்த்தே படித்தார்கள், படித்தால் டெஸ்கோ, புகார் தந்த பிரிட்டன் சூப்பர் மார்க்கெட்டின் பெயர்.

கேள்வி: டிரேட்மார்க் கிளியரிங்ஹவுஸில் பதிந்தால் வேறு யாரும் எங்கள் பெயரை எடுக்க முடியாதுதானே?

பதில்: எடுக்கலாம். கிளியரிங்ஹவுஸ் என்பது வணிகக்குறிகளைச் சரிபார்த்துப் பதிந்துவைக்கும் பொதுப் பட்டியல்தான். நீங்கள் குறியைப் பயன்படுத்துவதற்கான சான்றும் தந்திருந்தால், புதுப் பின்னொட்டு திறக்கும்போது குறைந்தது 30 நாள் சன்ரைஸ் காலத்தில் உங்களுக்கு முன்னுரிமை உண்டு. பிறகு குறைந்தது 90 நாள், உங்கள் பெயரை அப்படியே எழுத்துப் பிசகாமல் எடுக்க வருபவருக்கு எச்சரிக்கை போகும். மீறி எடுத்தால் உங்களுக்குத் தகவல் வரும். அவ்வளவே. ஓரெழுத்து மாற்றி எடுப்பவர் பொதுவாக இந்த வலையில் சிக்க மாட்டார்.

தமிழில் டொமைன் வைத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். ஔ என்ற ஓரெழுத்தையும், ஒ பக்கத்தில் ள வைத்து எழுதிய ஒள-வையும் பாருங்கள். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வேறு சரங்கள். துணைக்கால் ா-வும் ர-வும் சிறிய திரையில் அப்படித்தான் ஏமாற்றும். சந்தேகம் வந்தால் எக்ஸ்என் என்று தொடங்கும் பியூனிகோட் வடிவத்தில், அதாவது தமிழ்ப் பெயரைக் கணினி ஆங்கில எழுத்தில் குறித்துவைக்கும் வடிவத்தில், ஒப்பிடுங்கள். வேறுபாடு அங்கே பளிச்சென்று தெரியும்.

கேள்வி: நாங்கள் குறியைப் பதிவு செய்தது மூன்றாண்டுக்கு முன். டொமைனை ஒருவர் எட்டாண்டாக வைத்திருக்கிறார். பறிக்க முடியுமா?

பதில்: குறியில் உங்களுக்கு உரிமை பிறப்பதற்கு முன்பே அவர் எடுத்திருக்கிறார். அப்போது இல்லாத ஒன்றைக் குறிவைத்து எப்படிப் பதிவு செய்திருப்பார்? பதிவுக்கு முன்பே, எட்டாண்டுக்கும் அப்பால், அந்தப் பெயரில் நீங்கள் வணிகம் செய்து பெயர் பெற்றதற்குச் சான்று இருந்தால் எழுதுங்கள், மறுபடி பார்ப்போம். இல்லையென்றால் புகார் தர நான் உதவ மாட்டேன். தெரிந்தே இப்படிப் புகார் கொடுத்தால், அடுத்தவர் டொமைனைப் பறிக்கப் பார்த்தது நீங்கள்தான் என்று நடுவர் தீர்ப்பிலேயே எழுதிவிடலாம். அந்தத் தீர்ப்பை யாரும் இணையத்தில் படிக்கலாம். அவரிடம் நேராக விலை கேளுங்கள். உங்களுக்கு மட்டும் நான் சொல்வது இதுதான்.